காவலுக்கு வந்தவர்கள்

கேள்வி: ஒல்லாந்தரின் தலைவரே "பிரித்தானியப் படையை உள்ளே விடுங்கள்" என்று கடிதம் கொடுத்த பிறகும் 1795இல் திருகோணமலைக் கோட்டைத் தளபதி கதவைத் திறக்கவில்லை. உடன்படிக்கையை மீறியவர் அவர்தானே?
– ஒரு வாசகர், உவர்மலை

பதில்: கடிதம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். பிரெஞ்சுப் படைக்குத் தப்பியோடி, இங்கிலாந்து மன்னரின் தயவில் கியூ மாளிகையில் ஒதுங்கியிருந்த அந்த ஒல்லாந்தர் தலைவர் ஐந்தாம் வில்லியம் பெப்ரவரியில் எழுதியது அது. 1788இல் ஒல்லாந்தும் பிரித்தானியாவும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்திருந்தது உண்மை. ஆனால் செய்த ஆட்சிதான் ஒல்லாந்தில் கவிழ்ந்துவிட்டதே! அங்கே பிரெஞ்சுச் சார்பான பத்தாவியக் குடியரசு வந்துவிட்டது. அதிகாரி யாருக்குக் கட்டுப்படுவான்?

கொழும்பில் தேசாதிபதி வான் அங்கல்பேக் பாதி இறங்கிவந்தார்: திருகோணமலைக்கு 300 பேர் வரலாம் என்றார். இங்கிருந்த கோட்டைத் தளபதி ஃபோர்ன்பவர், உத்தரவு முறைப்படி இல்லை என்று மறுத்தார். வெறும் சாக்கு என்றார்கள் பிரித்தானியர். சாக்காகவே இருக்கட்டும். நண்பனுக்குக் காவலிருக்க வந்தவர்களுக்கு முற்றுகைப் பீரங்கி எதற்கு? ஆகஸ்ட் 26இல் கோட்டை விழுந்தது. அந்த நாட்களிலேயே சென்னையிலிருந்து போன பிரித்தானியத் தூதர் ரொபர்ட் அன்ட்ரூஸ், ஒல்லாந்தருக்கு எதிராகக் கண்டி மன்னரோடு உறவு பேசிக்கொண்டிருந்தார். இந்த 'நட்பை' எந்த உடன்படிக்கையில் சேர்ப்பீர்கள்?

மீறல் கணக்கை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். சமாதானம் வந்ததும் திருப்பித் தருவோம் என்ற பேச்சின் பேரில்தான் இந்த இடங்களை எல்லாம் எடுத்தார்கள். 1802இல் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானமான ஆமியன் உடன்படிக்கை வந்தது. அதே கடிதத்தைக் காட்டிப் பிடித்த, ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனை ஒல்லாந்தருக்குத் திரும்பியது. இலங்கைக் கரையோரம் திரும்பவில்லை. காரணம் நம் துறைமுகம். வாடைக்காற்றுக் காலத்தில் சென்னைக் கரையில் போர்க்கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை, பம்பாய்வரை ஓட வேண்டும். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் இந்தத் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டபோது தாங்கள் பட்ட பாட்டைப் பிரித்தானியர் மறக்கவில்லை.

ஃபோர்ன்பவரைக் கூண்டில் ஏற்றும் வழக்கறிஞர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். காவலுக்கு வந்தவர்கள் இங்குள்ள கடற்படைத் தளத்தை ஒப்படைத்தது 1957 ஒக்ரோபரில். அதுவும் ஒல்லாந்தரிடம் அல்ல.