நாலாம் வகுப்புப் பிள்ளையைத் தனியாக நடந்து போகவிடலாமா?

கேள்வி: மகளுக்கு 9 வயது. பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நடைபாதை இல்லாத மெயின் ரோட்டில் நடந்து, சிக்னல் இல்லாத ஓரிடத்தில் அதைக் கடக்க வேண்டும். "இனி நானே போறேன்" என்கிறாள். அனுப்பலாமா?

பதில்: நடக்க அனுப்பலாம், கடக்க இப்போதைக்கு வேண்டாம். பள்ளி நேர நெரிசலில் அந்த ஓரிடத்தில் மட்டும் பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.

வண்டி தூரத்தில் வருவது இந்த வயதில் தெரியும். எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணிக்கத்தான் வராது. 7 மீட்டர் ரோட்டைக் கடக்க ஏறக்குறைய 7 விநாடி ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் சுமார் 100 மீட்டர் வந்துவிடும். வெறுமனே "பாத்துப் போ" என்றால் போதாது. கடக்கும் இடத்திலிருந்து இருபக்கமும் 150 மீட்டர் தள்ளி ஓர் அடையாளம் காட்டுங்கள். டீக்கடையோ வேப்பமரமோ எதுவானாலும் சரி. அதற்கு இப்பால் வண்டியே இல்லாதபோதுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். வளைவு மறைக்கிறது என்றால் கடக்கும் இடத்தையே மாற்றுங்கள்.

முதலில் வலது, அப்புறம் இடது, மறுபடி வலது. ராங் சைடில் ஓரமாக வரும் பைக்குக்காக, ஒருவழிப் பாதையிலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நின்றிருக்கும் பஸ்ஸுக்கு முன்னால் கடக்கவே கூடாது; அதை முந்திக்கொண்டு வரும் பைக்காரருக்குப் பிள்ளை தெரியாது. பஸ் கிளம்பிப் போகட்டும். பாதி ரோட்டில் செருப்பு கழன்றாலும் பாட்டில் விழுந்தாலும் திரும்பக் கூடாது. வார் வைத்த செருப்பு அல்லது ஷூதான் நல்லது.

நடைபாதை இல்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்நோக்கி நடக்க வேண்டும். தம்பி தங்கை கூட வந்தால் விரலை அல்ல, மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டில் பழக்குவது வீண். பள்ளி நேரத்திலேயே பழக்குங்கள். ஒரு வாரம் நீங்கள் கூட்டிப்போங்கள். அடுத்த வாரம் அவள் முன்னால் போய், "இப்ப போகலாம்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும், நீங்கள் அரையடி பின்னால். தப்பாகச் சொன்னால் தோளைப் பிடித்து நிறுத்தக் கை எட்ட வேண்டும். மாலையிலும் இதே பயிற்சி தேவை. தோழிகளோடு ஓடிவரும் நேரம் அதுதான்.

உங்கள் போன் எண்ணும், குழந்தைகள் உதவி எண் 1098-ம் மனப்பாடமாக இருக்கட்டும்.

அக்டோபர் மழை தொடங்கியதும் குடையைத் தாழ்த்திப் பிடித்தால் எதிரே வருவது தெரியாது. ரெயின்கோட் தொப்பி பக்கவாட்டை மறைக்கும், கடக்கும்போது தள்ளிவிடச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள், அடியில் மூடியில்லாத வடிகால் இருக்கலாம். அந்த நாட்களில் முழு வழிக்கும் கூடவே போய்விடுங்கள்.