தட்டிலிருந்து எடுத்தது சரி, அந்த இடத்தில் எதை வைத்தீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 42. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. ஒரு வருடம் கொழுப்பைக் குறைத்தேன், அடுத்த வருடம் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினேன். இரண்டு முறையும் எடை இறங்கி, பழையபடி ஏறிவிட்டது. அசைவம் சாப்பிடுவதில்லை; பாலும் தயிரும் உண்டு. கலோரி எண்ணிச் சாப்பிட என்னால் முடியாது. தினமும் கடைப்பிடிக்கிற மாதிரி ஒரு வழியும், அது ஏன் என்பதும் சொல்லுங்கள். சத்து மாத்திரை தேவையா?

பதில்: கலோரி எண்ண வேண்டாம். அதை வருடக்கணக்கில் விடாமல் செய்கிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் கேள்வியில் எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்று இருக்கிறது. அந்த இடத்தில் எதைச் சாப்பிட்டீர்கள் என்பது இல்லை. பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கொழுப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. இதைப் பார்த்தால் கொழுப்பைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் கொழுப்பு நீக்கிய பண்டங்கள் பலவற்றில் ருசிக்காகச் சர்க்கரையும் மாவும் சேர்ந்தன. வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அந்த இடத்தில் நிறைவுறாத கொழுப்புள்ள தாவர எண்ணெயும் பாதாம், வால்நட் போன்ற பருப்புகளும் வந்தால் ரத்தத்தில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் இறங்குகிறது, மாரடைப்பு அபாயமும் குறைகிறது. அதே இடத்தில் தீட்டிய மாவும் சர்க்கரையும் வந்தால் அந்த நன்மை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ரத்தத்தில் இருக்கும் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு வேறு ஏறும்.

மாவுச்சத்தை நிறுத்தியபோதும் இப்படி ஒன்று நடந்திருக்கலாம். வெள்ளை மாவோடு சேர்த்து முழுதானியம், பயறு, பழம் எல்லாவற்றையும் ஒதுக்கியிருந்தால் நார்ச்சத்தும் கூடவே போயிருக்கும். பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மால் செரிக்க முடியாத இந்த நாரைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். நார் இருந்தால் சர்க்கரையும் ரத்தத்தில் மெதுவாக ஏறும். சாப்பிட்டதும் சீக்கிரம் பசிக்காது.

ஹார்வர்டு பொது சுகாதாரக் கல்லூரி 2011-இல் ஒரு தட்டுப் படம் வெளியிட்டது. எதையும் எடை போடத் தேவையில்லை என்பதால் எனக்கு அது பிடிக்கும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், அதிலும் காய்கறி கூடுதலாக. கால் பங்கு முழுதானியம். மீதிக் கால் பங்கு புரதம். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது. ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை இந்தப் பாதித்தட்டு தானாகவே எட்டிவிடும். நீரும் நாரும் நிறைந்த இந்தப் பாதி குறைந்த கலோரியிலேயே வயிற்றை நிரப்பும். அதில் உள்ள பொட்டாசியம், உப்பால் ஏறும் ரத்த அழுத்தத்தைத் தணிக்கும்.

எடை திரும்ப ஏறுவது உங்கள் கவலை என்பதால் ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலின் குழு நடத்தி 2019-இல் வெளியிட்டது. 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஏறக்குறைய சமமாகவே பரிமாறப்பட்டன. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. சிறிய ஆய்வுதான், குறுகிய காலம்தான். ஆனாலும் இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மென்மையாக, வேகமாக உள்ளே இறங்கும் உணவு, போதும் என்று உடம்பு சொல்வதற்குள் தீர்ந்துவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் மன உறுதியில் குறை இருப்பதாக நினைக்காதீர்கள்.

அதனால் முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். வேலைக்கு நடுவே கொறிக்கும் பாக்கெட் பண்டத்துக்குப் பதிலாக ஒரு முழுப் பழமும் ஒரு சிறு கைப்பிடி உப்பில்லாத கொட்டைப்பருப்பும். சாறு வேண்டாம், பிழிந்தால் சர்க்கரை வந்துவிடும், நார் பெரும்பாலும் சக்கையோடு போய்விடும். குளிர்பானத்தை அறவே விடுங்கள். 330 மில்லி கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது.

புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் போதும். 70 கிலோ எடை என்றால் 56 கிராம். வெந்த பயறு ஒரு கோப்பையில் சுமார் 15 கிராமும், ஒரு டம்ளர் பாலில் 8 கிராமும் கிடைக்கும். புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அவற்றில், தானியத்தில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. ஒரே வேளையில் இரண்டையும் சேர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஒரு நாளில் இரண்டும் வந்தால் சரி. பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர, கூடவே எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ள ஏதாவது இருக்கட்டும். டீ, காபி அந்தச் சத்தைத் தடுக்கும். சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாத்திரை என்று பார்த்தால், உங்கள் விஷயத்தில் நான் யோசிப்பது வைட்டமின் பி12 பற்றி மட்டும். தாவர உணவில் அதை நம்ப முடியாது. பால், தயிரில் உண்டு என்றாலும் எல்லோருக்கும் அது போதுவதில்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு இன்னும் குறையும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, குறைவு என்றால் மருத்துவர் சொல்லும் அளவில் போடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தப் பாதித்தட்டுக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம். பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இன்சுலின் போடுகிறவராக இருந்தால், மாவுச்சத்தைக் குறைப்பதற்கு முன்பே மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.