நிலை 3 மாறவில்லை என்பதற்காகப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்

ஒரு வருடம் பிசியோதெரபிக்குப் போயும் செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்) உள்ள 5 வயது மகள், உடலசைவுத் திறனை வகைப்படுத்தும் ஜிஎம்எஃப்சிஎஸ் அளவில் நிலை 3-லேயே இருக்கிறாள், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அது குழந்தையை வகைப்படுத்துவது, முன்னேற்றத்தை அளப்பதில்லை. 2 வயதுக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மாறுவதில்லை.

முன்னேற்றத்தை அளக்கும் சோதனை ஜிஎம்எஃப்எம். அதன் மதிப்பெண் இருக்கிறதா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். அதில் 88 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் தொடங்கவே இல்லையென்றால் 0, தொடங்கினால் 1, அரைகுறையாகச் செய்தால் 2, முழுதாகச் செய்தால் 3. சின்ன பெஞ்சில் உட்கார்ந்தவள் கையை ஊன்றாமல் எழுந்து நிற்கிறாளா என்பது அதில் ஒன்று. மூன்று முறை முயலலாம், சிறந்ததுதான் கணக்கு.

போன வருடம் வெறுங்காலோடும் இந்த வருடம் ஸ்பிளிண்ட் (காலைத் தாங்கும் கருவி) போட்டும் மதிப்பெண் எடுத்திருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தூக்கக் கலக்கத்தில் எடுத்ததும் அப்படியே. முடிந்தால் அதே தெரபிஸ்ட், அதே நேரம்.

வாழ்க்கைத்தரம் தனிக் கணக்கு. அதற்கு செரிப்ரல் பால்சி உள்ள பிள்ளைகளுக்கென்றே சிபி க்யூஓஎல் என்ற வினாத்தாள் உண்டு. 4 முதல் 12 வயது வரை பெற்றோர் நிரப்பலாம், 9 வயதிலிருந்து பிள்ளையே பதில் சொல்லலாம். வலி, நட்பு, பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்களா என்றெல்லாம் கேட்பார்கள். 'என்ன செய்கிறாள்' என்பதல்ல, 'அதைப் பற்றி எப்படி உணர்கிறாள்' என்பதே கேள்வி. உங்கள் கவலையை அவள் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.