சித்தப்பாவிடம் அடுப்பைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்துக்காரர்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டை நாலே நாளில் நின்றபோது, “இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கதையை முடித்திருக்கலாம்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். காஷ்மீருக்கு வடக்கே சியாச்சின் பனிமலையில் காவல் இருந்துவிட்டு வந்த என் சித்தப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சமாதானம் பேசுவது கோழைத்தனம் இல்லையா? நான் எழுதியதில் என்ன தப்பு?
– பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்.

பதில்: அந்தச் சண்டைக்கு முன்னால் காஷ்மீரின் பஹல்காமில் தீவிரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றதைப் பார்த்து ரத்தம் கொதித்தது தப்பில்லை தம்பி. “கதையை முடித்திருக்கலாம்” என்றீர்களே, இடிக்கிற இடம் அதுதான். சித்தப்பா நின்ற இடத்தில் கதை 1984இல் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை.

1949இல் கராச்சியில் காஷ்மீருக்குப் போர்நிறுத்தக் கோடு வகுத்தவர்கள் ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு மேலே “வடக்கே பனியாறுகள் வரை” என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தப் பனியில் எவன் போய்ச் சண்டை போடப்போகிறான் என்று நினைத்தார்களோ என்னவோ. 1984 ஏப்ரல் 13 அன்று நம் படை மேலே ஏறியது. பாகிஸ்தானும் ஏறத் தயாராக இருந்ததால் முந்திக்கொண்டோம்; அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஏறியவர்களால் இன்றுவரை இறங்க முடியவில்லை.

அங்கே குடிக்கிற தண்ணீருக்கே பனிக்கட்டியை வெட்டி மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டும். அந்த மண்ணெண்ணெயை ஹெலிகாப்டர் கொண்டுவர வேண்டும். ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்து மாதிரி இறுகிப்போகும். வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பனிப்பிளவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க, இடுப்பில் கயிறு கட்டி வரிசையாக நடப்பார்கள்.

2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தது. துப்பாக்கி ஓய்ந்தது, சாவு ஓயவில்லை. 2012 ஏப்ரலில் கயாரி என்ற இடத்தில் பனிச்சரிவு விழுந்து பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் புதைந்தார்கள். 2016 பிப்ரவரியில் நம் பக்கம், 19,000 அடிக்கு மேலே, பத்துப் பேர். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள், நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஒருவரை ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுத்தார்கள். டெல்லி ஆஸ்பத்திரியில் அவரும் போய்விட்டார். இந்தப் பத்துப் பேர் மேல் ஒரு குண்டுகூடப் படவில்லை.

அப்போ இறங்கிவிடலாமே? 1989இல் இரு நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர்களும் பேசி, படைகளைப் பின்னால் நகர்த்தலாம் என்ற அளவுக்கு வந்தார்கள். கைகூடவில்லை. 1999இல் கார்கிலில், குளிர்காலத்துக்கு நாம் காலிசெய்த சிகரங்களில் பாகிஸ்தான் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். திரும்பப் பிடிக்க 500க்கும் மேற்பட்ட வீரர்களைக் கொடுத்தோம். அதனால் நம்பி இறங்கு என்று நானும் சொல்லமாட்டேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் இறங்குகிறோம் என்கிறது இந்தியா. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பீரங்கி வாங்கித் தராது. எதிரே உட்கார்ந்து பேசித்தான் வாங்க வேண்டும், பத்து வருஷம் ஆனாலும்.

அப்புறம் நீங்கள் கேட்ட அந்த ஒரு வாரம். அந்த நாலு நாளிலேயே காஷ்மீர் எல்லையோரப் பூஞ்ச் நகரத்தில் குண்டு விழுந்து பொதுமக்கள் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. வேலூரில் நமக்குக் கரண்ட்கூடப் போகவில்லை. ஒரு வாரம் நீட்டச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்திருக்கலாம்; உங்களுக்கும் எனக்கும் இல்லை.

சரி, சித்தப்பா விஷயம். குழுவில் மன்னிப்பு எழுதாதீர்கள், மற்றவர்கள் பொம்மை போட்டு அதையும் கெடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். சண்டையைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கமாட்டார். மேலே தண்ணீர் எப்படிக் காய்ச்சினீர்கள் என்று கேளுங்கள்.