சுவரடியில் ஓதம், பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம்

கேள்வி: தொண்டியில் கடலுக்கு அருகே எங்கள் வீடு. ஐப்பசி மழை தொடங்கியதும் படுக்கையறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். இரண்டு முறை பட்டி வைத்து வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?

பதில்: மூன்றாவது முறை அந்தப் பெயிண்டை அடிக்காதீர்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் மண்ணிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. சுமார் மூன்றடி வரை ஏறும். ஈரம் காற்றில் உலர்ந்தாலும் அதோடு வந்த உப்பு பூச்சுக்குள் தங்கி, படிகமாகி, அதைத் தள்ளி உதிர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதே உப்பு காற்றிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சும். கடற்கரையில் மழைக்கால இரவுகளில் இது சாதாரணம். பெயிண்ட் மேற்பரப்பை அடைத்துவிடுவதால், ஈரம் அதற்கு மேலே ஏறி வழி தேடும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு, மறையாவிட்டால் பூஞ்சணம். பிறகு ஓரடிச் சதுர பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் கோத்தால் காற்றோட்டக் குறைதான் காரணம்; கீழே சொல்லும் துளை வேலை தேவைப்படாது.

வெளியே, தெருவோ முற்றமோ உயர்ந்து மண் உள்தரை மட்டத்தைத் தொட்டிருந்தால் அரையடி கீழே இறக்குங்கள். குளியல் நீர் சுவரடியில் தேங்கக் கூடாது.

அடுத்தது ஓதத்தை, அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை, வெட்டுவது. உள்தரைக்குச் சற்று மேலே, வெளி மண்ணுக்கு அரையடியாவது உயரத்தில், செங்கல் வரிசைகளுக்கு இடையில் இருக்கும் கலவைக் கோட்டில், 12 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகள் போடுங்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு 19 செ.மீ. ஆழம். தூசியை ஊதி எடுத்து, சிலேன் கிரீமை (செங்கல் நீரை இழுக்காமல் தடுக்கும் பசை போன்ற மருந்து) உள்முனையிலிருந்து நிரப்பிக்கொண்டே வெளியே வாருங்கள். பத்தடிச் சுவருக்கு இருபத்தைந்து துளை, அரை லிட்டருக்குச் சற்று மேல் கிரீம் ஆகும். ஒரு துளையை விட்டாலும் அந்த இடத்தில் ஈரம் ஏறும். சுவருக்குள் வயர் இருக்கலாம், மெயினை அணைத்துவிடுங்கள்.

கறைக்கு ஓரடி மேல்வரை பூச்சைத் தட்டி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் பெருக்கி அப்புறப்படுத்துங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். தையில் தட்டினால் ஆவணி வரை வெறுஞ்சுவராக விட முடிந்தால் நல்லது. ஓர் அங்குலம் உலர ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. பிறகு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. கடற்கரை மணலும் உவர்க்கிணற்று நீரும் கலவைக்குள் வரவே கூடாது. நம் பக்கத்தில் புதுப்பூச்சு கெடுவது பெரும்பாலும் இதனால்தான். மேலே சுண்ணாம்பு வெள்ளையடித்தால் சுவர் மூச்சுவிடும்.

இப்போதிருக்கும் பூஞ்சணத்தை உலர்வாகச் சுரண்டாதீர்கள், வித்துகள் அறையெங்கும் பறக்கும். என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, சோப்புநீரால் நனைத்துத் துடைத்து, துணியை வெளியே போடுங்கள். பிளீச்சோடு ஆசிட் கலக்கவே வேண்டாம், விஷவாயு வரும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். மழைநாட்களில் வெயில் தலைகாட்டும் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இருட்டுமுன் சாத்துங்கள்.