ஆர்டி 350-க்கு ரியர்செட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 1986 மாடல் ராஜ்தூத் ஆர்டி 350 இருக்கிறது. ஃபுட்ரெஸ்டையும் பெடல்களையும் பின்னுக்கும் மேலேயும் தள்ளி வைக்கும் ரியர்செட் போட வேண்டும். லேத் பட்டறையில் செய்துகொள்ளலாமா? என்ன அளவில்?
– வாசகர், கோவை

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் உலோகத்தில் கை வைக்கும் முன் ஃபுட்ரெஸ்டும் பெடலும் மாட்டும் பிளேட்டைக் கெட்டி அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பாருங்கள். ரோட்டில் ஓட்டும் வண்டிக்குப் பழைய இடத்திலிருந்து 75 முதல் 100 மி.மீ. பின்னால், 40 முதல் 50 மி.மீ. மேலே போதும். அதற்கு மேல் ஏற்றினால் முட்டி வலிக்கும். ஹேண்டில்பாரையும் சேர்த்து இறக்க வேண்டும். உயரமான பாரை அப்படியே விட்டால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராக இடுப்புக்குப் போகும்.

ஆர்டியில் தலைவலி வலது பக்கம்தான். செல்ஃப் கிடையாது; கிக்கர் இறங்கும் பாதையிலேயே புது ஃபுட்ரெஸ்ட் வந்து நிற்கும். மடங்கும் ஃபுட்ரெஸ்ட் தவிர வேறு வழியில்லை. அட்டை மாட்டியிருக்கும்போதே கிக்கரைக் கையால் அடிவரை இறக்கி, அது போகும் வழியைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் பெடல் அந்தக் கோட்டிலிருந்து 15 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். கிக்கரோடு ஷூவும் இறங்குமே!

பிளேட்டுக்கு 8 மி.மீ. கனத்தில் 6061-டி6 அலுமினியம் நல்லது. மைல்ட் ஸ்டீல் என்றால் 6 மி.மீ. வார்ப்பு அலுமினியம் வேண்டவே வேண்டாம். வண்டி சாய்ந்தால் அது வளையாமல் உடைந்துவிடும். சேஸிஸில் புதிதாக வெல்டிங் வைக்காமல், ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் மாட்டுங்கள். ஒரே போல்ட்டில் பிளேட் நின்றால், ஓட்டுபவர் எழுந்து நிற்கும்போது சுழன்றுவிடும். இரண்டாவது பிடிமானம் கட்டாயம். 8.8 கிரேடு எம்8 போல்ட், திரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை), 22 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பெடல் லிவர் சுழலும் இடத்தில் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றி நிற்கும் சின்னக் குழாய் போட்டு, அதன் நீளத்தை லிவர் கனத்தைவிட 0.2 மி.மீ. கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கியதும் லிவர் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ரியர்செட் மாட்டியதிலிருந்து கியர் தலைகீழாக விழுகிறது. முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டியிருக்கிறது. கியர் ஷாஃப்ட் பக்கம் ஆயிலும் கசிகிறது.
– வாசகர், மதுரை

பதில்: கியர் பெடலையும் கியர் ஷாஃப்டையும் ஒரு ராட் இணைக்கிறது; அதன் இரு முனையும் ஆளுக்கொரு சின்னக் கையில் மாட்டியிருக்கும். பெடல் பக்கக் கையும் ஷாஃப்ட் பக்கக் கையும் ஒரே திசையில் நிற்க வேண்டும்; இரண்டும் மேலே அல்லது இரண்டும் கீழே. உங்களுடையதில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். ஷாஃப்ட் கையைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். நியூட்ரலில் ராட் இரண்டு கைகளோடும் 90 டிகிரியில் இருந்தால்தான் மேலேயும் கீழேயும் ஒரே அளவு அசைவு கிடைக்கும். ராடின் ஒரு முனையில் வலது மரையும் மறுமுனையில் இடது மரையும் இருந்தால், கழற்றாமலே திருகி அட்ஜஸ்ட் செய்யலாம்.

கசிவுக்குக் காரணம் ராட் சாய்வாக ஓடுவதாக இருக்கலாம். மேலிருந்து பார்க்கும்போது ராட் நேராக இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதியிலும் ஷாஃப்ட் பக்கவாட்டில் இழுபட்டு, ஆயில் சீலையும் புஷ்ஷையும் தின்னும். பெடல் பக்கம் வாஷர் வைத்து நேராக்கிவிட்டுப் புது சீல் போடுங்கள். ஷாஃப்ட் கைக்காக ஒரிஜினல் கியர் லிவரை வெட்டிவிடாதீர்கள். பழைய லிவர் ஒன்று வாங்கி வெட்டுங்கள். அதன் கிளாம்ப் போல்ட் தளர்ந்த நிலையில் ஓட்டினால் ஷாஃப்டில் லிவரைப் பிடிக்கும் ஸ்ப்ளைன் பல் தேய்ந்துவிடும், அப்புறம் ஷாஃப்டையே மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பின் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. லைனர் புதுசு.
– வாசகர், சேலம்

பதில்: பழைய பெடலையும் புதியதையும் அளந்து பாருங்கள். பழைய பெடலில் பிவட்டிலிருந்து (பெடல் சுழலும் அச்சு) மிதிக்கும் நுனி 160 மி.மீ., பிரேக் ராட் மாட்டும் துளை 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கால் அழுத்தம் 4 மடங்காகிறது. புதுப் பெடல் 110 மி.மீ.க்குக் குறைந்து, துளை 40-லேயே இருந்தால் 2.75 மடங்குதான். பழைய பலம் வேண்டுமானால் துளையை 27.5 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். டிரம் பக்கம் உள்ள கையும் ராடும் பிரேக் பிடிக்கும் நேரத்தில் 90 டிகிரியை நெருங்க வேண்டும். அதைத் தாண்டினால் பலம் போய்விடும்.

இன்னொரு சோதனையை விட்டுவிடாதீர்கள். ராடின் முன் முனை இடம் மாறிவிட்டதால், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ராட் இழுபடவோ தளரவோ செய்யும். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது பின் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிறகு இரண்டு பேரை ஏற்றி, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். இரண்டிலும் சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக் லைட் சுவிட்ச் ஸ்பிரிங்கைப் புதுப் பெடலில் கோக்க மறந்துவிடுகிறார்கள். பின்னால் வருபவருக்கு வேறு அறிகுறி கிடையாது.

கேள்வி: பின் ஃபுட்ரெஸ்டைக் கழற்றிவிட்டால் சிக்கல் வருமா?
– வாசகர், திருச்சி

பதில்: வரும். பின்னால் உட்காருபவருக்கு ஃபுட்ரெஸ்ட் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆவது விதி. பிளேட்டிலேயே பின் ஃபுட்ரெஸ்டுக்கும் ஒரு துளை வைத்துக்கொள்ளுங்கள்.