எனர்ஜி பாரா, கடலை மிட்டாயா? உச்சிப்புளியிலிருந்து கேள்வி பதில்

பதினொரு வருஷம் ஒரு தின்பண்டக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். இப்போது உச்சிப்புளியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் கடலையும் கருப்பட்டியும் வைத்து பார் போடுகிறேன். குளூட்டன் (கோதுமை, பார்லியில் இருக்கும் புரதம்) இல்லாத, ஆர்கானிக் எனர்ஜி பார் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயை விட்டுவிட்டேன். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை.

தொண்டி, கல்லூரி மாணவி: அக்கா, எனக்கு சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் கெடும்) என்று போன வருஷம் சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டலிலிருந்து ஊருக்கு வர பஸ்ஸில் ஏழு மணி நேரம் ஆகிறது. கடையில் பார் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

உனக்கு விரிவாகவே சொல்கிறேன். முன்பக்கத்தை விடு, பொட்டலத்தைத் திருப்பு. 'குளூட்டன் இல்லாதது' என்று போட வேண்டுமானால், நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 20க்கு மேல் 100 வரை இருந்தால் 'குறைந்த குளூட்டன்' என்று போடுவார்கள். அது உனக்கு ஆகாது.

அடுத்து சேர்மானப் பட்டியல். எடை கூடின பொருள் முதலில் வரும். கோதுமை, ரவை, மைதா எல்லாம் உனக்கே கண்ணில் படும். படாமல் தப்புவது பார்லி. 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்று ஒரு ஓரத்தில் இருக்கும். முளைகட்டின பார்லியின் சாறு அது. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் வேறு. பெயரில்தான் மால்ட், பெரும்பாலும் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து வருவது, அதற்குப் பயப்படாதே. காரம் போட்ட பார் என்றால் பெருங்காயத்தையும் பார். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பட்டியலுக்குக் கீழே அலர்ஜி வரி வரும். 'கோதுமை கையாளும் இடத்தில் தயாரித்தது' என்றிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடு.

"கடையில் எதுக்கு, நானே சத்துமாவு உருண்டை பிடித்துத் தருகிறேன்" என்று அம்மா சொன்னால் ஒரே ஒரு விஷயம்: மாவு மில். உனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார், அதே கல்லில் உன் கேழ்வரகைக் கொட்டுவார்கள். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது, வீட்டுக்கு வந்து சேரும் மாவில் இருக்கும். மிக்ஸியில் அரைக்கச் சொல்.

மண்டபம்: ஓட்ஸ் பாரில் குளூட்டன் இல்லைதானே?

ஓட்ஸில் இயற்கையாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் லாரியிலும் கிட்டங்கியிலும் கோதுமை, பார்லியோடுதான் புழங்குகிறது. 'குளூட்டன் இல்லாத ஓட்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். சீலியாக் உள்ளவர்களில் சிலருக்கு ஓட்ஸில் உள்ள அவெனின் என்ற புரதமே ஒத்துக்கொள்ளாது. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பாம்பன், விசைப்படகு டிரைவர்: தங்கச்சி, ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும். சாக்லேட் பூசின பார் நாலு வாங்கிப் போனேன். வீல் ஹவுஸில் குழம்பாகிவிட்டது.

சாக்லேட் 34 டிகிரிப் பக்கம் வந்தாலே உருகும் அண்ணே, இன்ஜின் பக்கத்தில் வைத்தால் வேறென்ன ஆகும்? சப்பாத்தியும் பரோட்டாவும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் குளூட்டன் இல்லாததற்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கடலை மிட்டாய் வாங்குங்கள். 40 கிராமில் ஏறக்குறைய 200 கலோரியும் 6 கிராம் புரதமும் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கினபோது என் பழைய கம்பெனியில் ஒருத்தர், "இதை எனர்ஜி பார் என்று விற்கத் தெரியாமல் போச்சே" என்று வருத்தப்பட்டார். தாளைக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஏர்வாடி: பொட்டலத்தில் பச்சை வட்டம் இருந்தால் ஆர்கானிக் என்று அர்த்தமா?

சைவம் என்று அர்த்தம். ஆர்கானிக்குக்கு 'இந்தியா ஆர்கானிக்' அல்லது 'ஜைவிக் பாரத்' முத்திரையைத் தேடுங்கள். ஆர்கானிக் கோதுமையிலும் குளூட்டன் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பரமக்குடி: அப்பாவுக்கு சுகர். கருப்பட்டி பார் என்றால் சாப்பிடலாம் இல்லையா?

கருப்பட்டியும் சர்க்கரைதான். அப்பாவின் டாக்டரிடம் கேளுங்கள்.

சாயல்குடிப் பக்கம், பனையேறும் குடும்பம்: ஆர்கானிக் கருப்பட்டி பார் என்று எல்லோரும் விற்கிறீர்கள். அதில் பாதி சீனி. உடைத்துப் பாருங்கள், உள்ளே மினுமினுத்தால் சீனிக் கலப்பு. இதற்கு முத்திரை எதற்கு?

வந்துவிட்டீர்களா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். சீனி கலக்கிறார்கள், உண்மை. ஆனால் மினுமினுப்பை வைத்துச் சொல்ல முடியாது. கருப்பட்டியில் இருப்பதும் சீனியில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே சுக்ரோஸ். நல்ல கருப்பட்டியும் நாள்பட்டால் உள்ளே கண்ணாடிபோல் கட்டும். பனங்கற்கண்டு எப்படி விளைகிறது என்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

ஆய்வகத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கரும்பு காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு, பனை எடுக்கும் முறை வேறு. அதனால் இரண்டின் சர்க்கரையிலும் கார்பன் 13 என்கிற கனமான கார்பனின் விகிதம் மாறும். தேனில் கரும்புச் சர்க்கரைக் கலப்பைப் பிடிப்பதும் இதே வழியில்தான். வீட்டில் தண்ணீரில் கரைத்துப் பார்ப்பது, தீயில் காட்டிப் பார்ப்பது எல்லாம் சும்மா.

அதே சாயல்குடிக்காரர்: மூன்று தலைமுறையாகக் காய்ச்சுகிறோம். எங்கள் நாக்குக்குத் தெரியாதது உங்கள் மெஷினுக்குத் தெரியுமா?

பாதிக்குப் பாதி கலந்தால் உங்கள் நாக்கு பிடித்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். பத்துக்கு ஒன்று கலந்து கொஞ்சம் சுக்கும் தட்டிப் போட்டால்?

ராமநாதபுரம், மளிகை வியாபாரி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும். கொஞ்சம் சீனி சேர்த்தால்தான் கெட்டியாக நிற்கும். வாங்குகிறவர்களும் மலிவாகத்தானே கேட்கிறார்கள்?

கலக்குங்கள், கலந்தது என்று எழுதி விற்றுவிடுங்கள். கலந்துவிட்டு 'சுத்தமான', 'ஆர்கானிக்' என்று போடுவதுதான் பிரச்சினை. பனைக்கு இங்கே யாரும் உரமும் போடுவதில்லை, மருந்தும் அடிப்பதில்லை. மரத்தில் இருக்கும்வரை ஆர்கானிக்தான். அடுப்புக்கு வந்தபிறகு நடப்பதைத்தான் கேட்கிறோம்.

சாயல்குடிக்காரர்: அப்படியானால் வீட்டுக்கு வாங்குகிற ஆள் என்ன செய்வது, ஒவ்வொரு கிலோவையும் ஆய்வகத்துக்கு அனுப்புவதா? எப்போது காய்ச்சினது என்று கேட்கச் சொல்லுங்கள். மாசி, பங்குனிக்குமேல்தான் எங்கள் பக்கம் பதநீர். மார்கழியில் 'புதுக் கருப்பட்டி' என்று எவன் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இது என் கார்பனைவிட நல்ல சோதனை. நீங்கள் ஜெயித்தீர்கள் அண்ணே. இனி நானும் இதையே சொல்கிறேன்.

மண்டபம், வேறொருவர்: ஓட்ஸ் பாரில்…

மேலே.

சின்னப்பாலம், பாசி எடுக்கிற அக்கா: காலையில் தண்ணீரில் இறங்கினால் நாலைந்து மணி நேரம் ஆகும். வள்ளத்தில் வைத்துத் தின்ன என்ன செய்துகொள்ளலாம்? கடையில் வாங்கக் கட்டாது.

அக்கா, உங்களுக்குக் கடைப் பார் வேண்டவே வேண்டாம். வறுத்துத் தோல் நீக்கின நிலக்கடலை 250 கிராம், வறுத்த எள் 50, அரிசிப் பொரி 50, கருப்பட்டி 200. கடலையில் பூசணம் பிடித்தது, சுருங்கினது, கசப்பது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்தப் பூசணம் விடும் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். கொஞ்சம் பார்த்துப் பொறுக்குங்கள்.

கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். பிறகு காய்ச்சுங்கள். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவது. உருட்டுப் பதத்தில் இறக்கினால் உருண்டை நன்றாக வரும், ஆனால் நம் உப்புக்காற்றில் சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும். இன்னும் கொஞ்சம் போகட்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், தட்டில் போட்டால் சத்தம் கேட்க வேண்டும். உடனே இறக்கி, கடலை, எள், பொரி எல்லாம் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவின தட்டில் அழுத்தி, சூட்டோடு வெட்டிவிடுங்கள். ஆறினால் கத்தி இறங்காது.

40 கிராம் துண்டு ஒன்றில் ஏறக்குறைய 190 கலோரி. இரண்டு துண்டு போதும். ஓலைக் கொட்டானில் வைத்தால் அழகுதான், காற்று புகுந்துவிடும். மூடி இறுகின எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள். கடலுக்குள் நின்றால் தாகம் தெரியாது, உடம்பு வற்றிக்கொண்டுதான் இருக்கும்.

கீழக்கரை: வெளிநாடு போகும் தம்பிக்குத் தொதல் கொடுத்து விடலாமா? அவனுக்குக் கோதுமை ஆகாது.

அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மைதா சேர்த்துக் கிண்டுகிறவர்களும் இருக்கலாம், கடையில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கிண்டினால் அரிசியை எங்கே அரைத்தீர்கள்? மில்லா? மறுபடியும் அதேதான்.

உத்தரகோசமங்கை: மாமியாருக்கு சுகர். தினை பார்…

தினையிலும் மாவுச்சத்து, பாகிலும் சர்க்கரை. டாக்டர்.

ராமநாதபுரம்: சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. நானே இரண்டு மாதமாகக் கோதுமையை நிறுத்திவிட்டு குளூட்டன் இல்லாத பார்தான் சாப்பிடுகிறேன். இப்போது ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

அவசரப்பட்டுவிட்டீர்கள். சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டியது. நிறுத்தினால் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். டாக்டரிடம் நிறுத்தியதை முதலில் சொல்லுங்கள். மறுபடி எத்தனை நாள் சாப்பிட்டுவிட்டு எடுப்பது என்று அவர் சொல்வார். வேறு யாராவது நிறுத்தும் யோசனையில் இருந்தால், பரிசோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள்.

தேவிபட்டினம்: கடையில் 'சிறுதானிய பார்' என்று இருந்தது. கேழ்வரகில் குளூட்டன் இல்லை என்றீர்களே, அதை நம்பி வாங்கிவிட்டேன்.

பின்பக்கம் பார்த்தீர்களா?

தேவிபட்டினம்: இப்போதுதான் பார்த்தேன். முதலில் கோதுமை மாவு, நாலாவதாகக் கம்பு.

அது கோதுமை பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சாயல்குடிக்காரர்: சித்திரையில் வாருங்கள் தங்கச்சி. அடுப்படியிலேயே உட்கார்ந்து, பதநீர் கருப்பட்டியாகிற வரைக்கும் பாருங்கள். கார்பனோ என்னமோ சொன்னீர்களே, அதையும் கொண்டுவாருங்கள்.

வருகிறேன் அண்ணே, சுண்ணாம்பு குறைவாகத் தடவின கலயம் ஒன்று தனியாக எடுத்து வையுங்கள். பத்துக் கிலோ எனக்கு. விலையை இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே வந்து பேரம் பேச மாட்டேன்.